கொடியில் போர்வை, சுவரில் இன்வெர்ட்டர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்கு நடுவில் கொஞ்சம் தூங்கவும் செய்து நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். நலம் என்றால் நாங்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறோம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், போன வாரம் எழுதியிருந்தால் அந்த வரியை எழுதியிருக்க முடியாது. மாமாவுக்கு என்ன ஆச்சு, நான் கூப்பிட்டால் எடுக்கவே மாட்டேன் என்கிறாரே என்று நீ போனில் கேட்டபோதெல்லாம் சிக்னல் சரியில்லை, கடையில் கூட்டம் என்று ஏதேதோ சொல்லி மழுப்பினேன். அம்மாவிடம் கேட்டதற்கு அவள் உங்க அப்பாவையே கேளு என்று போனை என் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்போதே உனக்குப் பாதி புரிந்திருக்கும். மீதியைப் போனில் சொல்ல முடியாதம்மா, சொன்னால் அவள் பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துவாள், அவள் திருத்துவதெல்லாம் உண்மையாக வேறு இருந்து தொலைக்கும். அதனால்தான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, பயந்துகொண்டே படிக்காதே.

நம் மாடியில் இருந்த சோலார் இன்வெர்ட்டர் செத்துப்போனதில் ஆரம்பித்தது இந்தக் கதை. மாடிப்படி முடிகிற இடத்தில் சுவரில் மாட்டியிருந்த சாம்பல் நிறப் பெட்டி உனக்கு நினைவிருக்கும், பேனல்கள் வெயிலில் உண்டாக்குகிற கரண்ட்டை வீட்டுக்கு ஆகிற கரண்ட்டாக மாற்றிக் கொடுப்பது அதுதான். ஒருநாள் உள்ளே ரப்பர் கருகின மாதிரி ஒரு வாடை, அத்தோடு அதன் ஆயுள் முடிந்தது. பேனல்களுக்கு ஒரு குறையும் இல்லை, பெட்டியை மட்டும் புதிதாக வாங்கினால் போதும். அந்த நேரம் பார்த்துத்தான் உன் மாமா ஐஸ் ஃபேக்டரி வேலையை உதறிவிட்டு, சந்தைக்குப் பின்னால் சின்னதாக ஒரு கடை பிடித்து, இதே இன்வெர்ட்டர் வியாபாரத்தில் இறங்கியிருந்தான். சட்டைப்பையில் பேனா இருக்கிற இடத்தில் டெஸ்டரைக் குத்திக்கொண்டு திரிகிறான் என்று தெருவில் அவனுக்கு டெஸ்டர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தம்பி கடையில் இருக்கும்போது வேறெங்கே போவது என்று உன் அம்மா நினைத்தாள், புத்தியுள்ள யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் உன் அப்பன் எடைமேடையில் லாரி எடை போட்டே தலை நரைத்தவன் இல்லையா, உறவு வேறு நிறுவை வேறு என்று ஒரு வசனம் பேசினேன். முனையில் இருக்கிற எலெக்ட்ரிக் கடைக்காரரும் ஒரு பெட்டி காட்டியிருந்தார், அதுவும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக நம் சுவரில் மாட்டி ஓட்டிப் பார்ப்போம், அதே பேனல், அதே வெயில், எது அதிகமாக யூனிட் தருகிறதோ அது நிற்கட்டும், மற்றது நடையைக் கட்டட்டும் என்று நானே நீதிபதி ஆனேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

மாமா மட்டும் ஒன்று சொன்னான். நம் பேனல்கள் எல்லாவற்றையும் பூக்கட்டுகிற மாதிரி ஒரே சரமாகக் கோத்திருக்கிறார்கள், அதில் ஒன்றிரண்டின்மேல் நிழல் விழுந்தாலும் மற்றதும் சேர்ந்து படுத்துக்கொள்ளும், முன்வரிசையை ஒரு சரம் பின்வரிசையை ஒரு சரம் என்று பிரித்து, இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்கிற பெட்டி ஒன்று இருக்கிறது, அதை மாட்டுவோம் அத்தான் என்றான். வானத்தில் சூரியன் ஒன்றுதானே, அதைப் பார்க்க உன் பெட்டிக்கு மட்டும் எதற்கு இரண்டு கண், கடைக்காரருடையது எப்படியோ உன்னுடையதும் அப்படியே இருந்தால்தான் போட்டி நியாயம் என்றேன். அக்கா புருஷனிடம் அதற்குமேல் என்ன பேசுவான், சிரித்துக்கொண்டே சரி என்றான். இதற்குள் சேதி தெருவெல்லாம் பரவிவிட்டது. பல் டாக்டரும் எதிர்வீட்டு மெக்கானிக்கும் தங்கள் வீட்டுக்கும் சோலார் போட நினைத்திருந்தார்கள், நீங்க எதை வைக்கிறீங்களோ அதையே நாங்களும் வாங்கிக்கறோம் என்று இருவரும் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ரிட்டயர் ஆனபிறகு என் பேச்சை ஒருவர் கேட்டுக் காத்திருப்பது அதுதான் முதல் தடவை, சட்டை இஸ்திரி போடாமல் வெளியே வருவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

முதலில் கடைக்காரர் பெட்டி. அப்போது உன் அம்மா ஊரில் இல்லை, சின்னப்பாட்டிக்குக் கண் ஆபரேஷன் என்று துணைக்குப் போயிருந்தாள் (அவருக்குப் பார்வை பளிச்சென்று வந்துவிட்டது, இப்போது வீட்டில் ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்த்து ஒவ்வொரு குறை சொல்கிறாராம்). நான் தனியாக இருந்த லட்சணத்தை உனக்கு விவரிக்க வேண்டியதில்லை. முட்டை வேகவைத்துச் சாப்பிட்டேன், மறுநாளும் முட்டை வேகவைத்துச் சாப்பிட்டேன். துணி ஒன்றுகூடத் துவைக்கவில்லை, படுக்கை விரிப்பு, திரைச்சீலை, துண்டு எல்லாவற்றையும் ஒரு மூலையில் குவித்து, அழுக்கில்லாத பக்கமாகத் திருப்பித் திருப்பி உபயோகித்துக்கொண்டேன். பெட்டியோ ஜோராக ஓடியது. அம்மா வருவதற்கு முதல்நாள், அவள் முகம் சுளிக்காமல் இருக்க ஏதாவது செய்து வைப்போம் என்று, அறுந்து கிடந்த துணிக்கொடிக்குப் பதிலாக மாடியில் புதிதாக ஒன்று கட்டினேன். கம்பி நட்டு சிமெண்ட் பூச யார் மெனக்கெடுவது, பேனல் நிற்கிற இரும்புக் கால்கள் நல்ல உறுதியாக இருக்கின்றனவே என்று ஒரு முனையை அதில் கட்டி, முன்வரிசை ஓரமாகவே இழுத்துக்கொண்டுபோய் மறுமுனையைத் தண்ணீர்த் தொட்டியில் கட்டினேன். கட்டிவிட்டு இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தேன், அவ்வளவு திருப்தி.

அம்மா வந்தாள், குவியலைப் பார்த்தாள், துவைக்க ஆரம்பித்தாள். அதே வாரம்தான் கடைக்காரர் பெட்டியைக் கழற்றிவிட்டு உன் மாமாவின் பெட்டியை மாட்டினோம். நீ படித்த பிள்ளை, இந்நேரம் உனக்கு விளங்கியிருக்கும். உன் அப்பனுக்கு விளங்கவில்லை. வெயில் பழையபடியே கொளுத்துகிறது, பெட்டி பாதிகூடத் தரவில்லை. காலையில் போய்ப் பார்ப்பேன், படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே பெட்டியில் கரண்ட் அளவு காட்டுகிற திரையையே பார்ப்பேன், எண் நொண்டிக்கொண்டு நிற்கும். மாமாவிடம் சொன்னேன். அவன் பாவம், கடையைச் சாத்திவிட்டு சாயங்காலம் வருவான், ஒவ்வொரு இணைப்பையும் சரிபார்ப்பான், பேனலையெல்லாம் தண்ணீர்விட்டுத் துடைப்பான். அந்த நேரத்துக்கு உன் அம்மா துணியெல்லாம் எடுத்து மடித்து உள்ளே வைத்திருப்பாள், மாடி மொட்டையாக இருக்கும். அவன் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாமல் டெஸ்டரைப் பையில் குத்திக்கொண்டு போவான்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். முடிவெட்டுகிற கடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, என்ன ஆச்சு உங்க போட்டி என்று முடிவெட்டுகிறவர் கேட்டார். கடையில் பல் டாக்டர் இருந்தார், மெக்கானிக் இருந்தார், இன்னும் யார் யாரோ பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் கேட்க நான் சொன்னேன், “எங்க மச்சான் பெட்டி வெயிலை நல்லா சாப்பிடுது, ஏப்பம்தான் விடுது, கரண்ட் மட்டும் வரமாட்டேங்குது.” கடையே சிரித்தது. எனக்கும் நாம் நன்றாகப் பேசினோமே என்று ஒரு குளிர்ச்சி. எதிரே கண்ணாடியில் பார்த்தால் வாசலில் உன் மாமா நிற்கிறான், என்னைத் தேடித்தான் வந்திருக்கிறான். கழுத்துவரை துணியைப் போர்த்தி, தலையில் பாதி முடியோடு நான் எங்கே எழுந்து ஓடுவது. ஆள் அனுப்பிப் பெட்டியை எடுத்துக்கறேன் அத்தான் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஆளும் அனுப்பவில்லை, அவனும் அதன்பிறகு நம் வீட்டுப்பக்கம் வரவில்லை.

வாயிலிருந்து போன சொல்லுக்குக் கால் முளைத்தது. பல் டாக்டர் மறுநாளே முனைக் கடையில் வாங்கிவிட்டார். மெக்கானிக் அப்புறம் பார்க்கலாம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டான். மாமா கடைக்கு வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு பேரும் நின்றுவிட்டார்கள், சொந்த அத்தானே வேண்டாம் என்ற சரக்கை வேறு யார் தொடுவார்கள். உன் அத்தை அம்மாவிடம் வந்து, அவர் ராத்திரியெல்லாம் பேசவே மாட்டேங்குறாரு அண்ணி, கடையைக் காலி பண்ணிட்டு மறுபடி ஐஸ் ஃபேக்டரிக்கே போறேங்கிறாரு என்று சொல்லி அழுதாள். அந்தக் குளிர் அறையில் வேலை பார்த்துத்தான் அவனுக்கு மூச்சு இழுப்பு வந்தது, டாக்டர் இனி அங்கே போகவே கூடாது என்று சொன்னபிறகுதான் இந்தக் கடையே. உன் அம்மா அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், அவன் இருமினால் இவளுக்கு நெஞ்சு வலிக்கும். அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினாள். சண்டை போட்டாலாவது நாமும் ரெண்டு வார்த்தை பேசலாம், இவள் சுவரிடமும் குக்கரிடமும் பேசினாள். தட்டு என் முன்னால் வந்து உட்காருகிற சத்தத்திலேயே அன்றைய தட்பவெப்பம் எனக்குத் தெரிந்துவிடும். நானும் வீம்புக்கு, எண் பொய் சொல்லாது, நான் என்ன கற்பனையா பண்ணினேன் என்று முறைத்துக்கொண்டு திரிந்தேன். நீ கூப்பிட்டு மாமா எடுக்கவில்லை என்று சொன்னதெல்லாம் இந்த நாட்களில்தான். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது தெரியுமா, ஒரு வேளை அவன் நிஜமாகவே அங்கே போய்விட்டால் அந்தப் பழி ஆயுசுக்கும் என் தலையில்தானே.

கடைசியில் உன் அம்மாவின் கோபம்தான் எங்களைக் காப்பாற்றியது. ஒருநாள் காலையில் என் போர்வை, விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் சுருட்டி என் மடியில் போட்டுவிட்டு, இனிமே அவரவர் துணியை அவரவர் துவைச்சுக்கட்டும் என்று குக்கரைப் பார்த்துச் சொன்னாள். சரி என்று நானும் துவைத்தேன். போர்வைக்குள் இவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. தோளில் போட்டுக்கொண்டு, முதுகெல்லாம் சொட்டச் சொட்ட மாடி ஏறினேன். போகிறபோதே பழக்கதோஷத்தில் பெட்டியைப் பார்த்தேன், எண் நல்ல உச்சத்தில் நிற்கிறது, இதென்ன அதிசயம் என்று நினைத்துக்கொண்டே போய் விரிப்பையும் போர்வையையும் காலியாகக் கிடந்த கொடியில் விரித்தேன். திரும்பி வந்து பார்த்தால் பாதியாகிவிட்டது. அப்போதுதான் திரும்பி மாடியைப் பார்த்தேன் மகளே, இத்தனை நாளும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேனே ஒழிய ஒருநாளாவது மாடியைப் பார்த்தேனா. போர்வையின் நிழல் முன்வரிசை முழுவதற்கும் கரை போட்ட மாதிரி, ஒரு பேனல் விடாமல் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. போர்வையை எடுத்தேன், ஓடிப்போய்ப் பார்த்தேன், எண் ஏறியது. போட்டேன், இறங்கியது. நம்பமுடியாமல் மறுபடியும் எடுத்தேன், போட்டேன். எதிர்மாடியில் மெக்கானிக்கின் மனைவி, யாருக்குங்க சைகை காட்டுறீங்க என்று கேட்டாள், எனக்கே தெரியலம்மா என்றேன்.

கொடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எடைமேடையில் புதிதாகச் சேருகிறவனுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே, வண்டி மேலே ஏறியதும் கிளீனர் இறங்கிவிட்டானா என்று பார், அப்புறம் எண்ணைப் படி என்பதுதான். ஒரு வண்டியை ஆளில்லாமல் நிறுத்தினேன், இன்னொரு வண்டியின் முதுகில் நம் வீட்டு அழுக்குத் துணி மொத்தத்தையும் ஏற்றி நிறுத்தினேன், பிறகு எண் பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் சொன்னேன். கொடியைக் கட்டியது நான், துணியைக் குவித்தது நான், தீர்ப்புச் சொன்னதும் நான். வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், அப்பாடா, அவன் பெட்டியில் ஒரு தப்பும் இல்லை என்று ஒரு நிம்மதி வந்தது பார், சின்னப்பிள்ளை மாதிரி சிரிப்பு வந்துவிட்டது.

ஈரப் போர்வையை மடித்து வைக்கக்கூடத் தோன்றாமல் தோளில் போட்டபடியே உன் மாமா கடைக்குப் போனேன். அவனும் அத்தையும் பெட்டிகளை அட்டையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நின்ற கோலத்தைப் பார்த்து அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவன் முகம் வெளிறிவிட்டது. ஒன்றுமில்லை, குற்றவாளியைப் பிடித்துக் கொண்டுவந்திருக்கிறேன் என்று போர்வையை மேசைமேல் போட்டு நடந்ததைச் சொன்னேன். அவன் சிரிப்பான், இல்லை ரெண்டு வார்த்தை திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கட்டிக்கொண்டிருந்த கயிற்றைக் கீழே போட்டான். பிறகு, “நீங்க சொன்னப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு அத்தான். அத்தான் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானே நம்பிட்டேன். என் சரக்கை நானே ஒருத்தருக்கும் எடுத்துச் சொல்ல முடியல” என்றான். அவன் என் கேலிக்குக் கோபித்துக்கொண்டான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். கோபமே இல்லை, என் சொல்லை அவ்வளவு பெரிதாக மதித்திருக்கிறான், நானோ அதைக் காற்றில் ஊதிவிட்டு வந்திருக்கிறேன்.

அவனை அப்படியே இழுத்துக்கொண்டு முதலில் முடிவெட்டுகிற கடைக்குத்தான் போனேன், சொல்லை எங்கே போட்டோமோ அங்கேதானே பொறுக்க வேண்டும். போர்வைக்கும் முடி வெட்டணுமா என்றார் முடிவெட்டுகிறவர். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கேட்க, என் மச்சான் பெட்டி பத்தரைமாற்று, நிழலைப் போட்டுவிட்டு வெயில் இல்லை என்று சொன்ன முட்டாள் நான் என்று சொன்னேன். போன தடவையைவிட அதிகமாகச் சிரித்தார்கள், சிரிக்கட்டும், இந்த முறை சரியான ஆளைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு வீட்டுக்கு வந்து மாடிக்குப் போனோம். போர்வையைப் போட்டும் எடுத்தும் அவனே பார்த்தான், பார்த்துவிட்டு அவனுக்கும் சிரிப்பு வந்தது, சிரித்ததில் இருமல் வந்தது. இருமல் சத்தம் கேட்டு உன் அம்மா கீழிருந்து படியேறி வந்து நின்றாள். நான் வாயைத் திறக்குமுன் அவனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், எனக்காகக் கொஞ்சம் பூசி மெழுகி வேறு சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே கொடியைப் பார்த்தாள், பேனலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தம்பியிடம், “டேய், அந்த முனையை அவுத்து வடக்குச் சுவர்ல நீ கட்டு, இவர் போடுற முடிச்சு நிக்காது” என்றாள். அப்புறம் என்னிடம், “என்னங்க, போர்வையைப் பிழியவே இல்லையா, படியெல்லாம் குளமா கெடக்கு” என்றாள். எத்தனை நாளைக்குப் பிறகு அந்த என்னங்க. படியைத் துடைக்கச் சொல்கிறாள் என்று நான் துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

எதை வைத்தோம் என்று நீ கேட்பாய். கொடியை மாற்றியபிறகு மாமாவின் பெட்டியையும் ஓட்டிப் பார்த்தோம், கடைக்காரருடையதற்கும் அதற்கும் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை, இரண்டும் நல்ல சரக்குதான். அதைக் கடைக்காரரிடமும் போய்ச் சொன்னேன், அவர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார், பல் டாக்டர் வாங்கிய சந்தோஷம் அவருக்கு. நாங்கள் வைத்துக்கொண்டது மாமா முதலில் சொன்ன இரண்டு சரத்துப் பெட்டியை. தண்ணீர்த் தொட்டியின் நிழல் சாயங்காலம் பின்வரிசையில் விழத்தான் செய்கிறது, அது விழுந்தாலும் முன்வரிசை அதன் பாட்டுக்கு வேலை செய்கிறது. மெக்கானிக் அதை வந்து பார்த்தான், அவன் மனைவி என் சைகைக் கதையையும் சேர்த்துச் சொல்லியிருப்பாள் போல, சிரிப்பை அடக்கிக்கொண்டே தனக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனான். அட்டைப்பெட்டிகளை அத்தை மறுபடி பிரித்து அலமாரியில் அடுக்கிவிட்டாளாம். ஐஸ் ஃபேக்டரிப் பேச்சு நின்றுபோயிற்று. உன் அம்மா நேற்று அவனுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு கடைக்குப் போய் மத்தியானம்வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டு வந்தாள், இருமலே இல்லை என்று வந்ததும் என்னிடம்தான் சொன்னாள், குக்கரிடம் இல்லை.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. என் முழங்கால் பரவாயில்லை. அடுப்படிக் குழாய் சொட்டுகிறது, அதை நானே சரிசெய்கிறேன் என்றேன், உன் அம்மாவும் மாமாவும் ஒரே குரலில் வேண்டாம் என்றுவிட்டார்கள். நீ வேலை முடிந்து வருகிறபோது இருட்டிவிடுகிறது என்று சொன்னாய், வெளிச்சமான தெருவாகப் பார்த்து வா, சுற்றுவழியானாலும் பரவாயில்லை. காலையில் வெறும் காபியோடு ஓடாதே. வேலையிடத்தில் யாரைப் பற்றியாவது நாலு பேர் முன்னால் தமாஷாகச் சொல்லத் தோன்றினால் ஒருநாள் பொறுத்துச் சொல், இது அறிவுரை இல்லை, அடிபட்டவன் வழிகாட்டுகிறான், அவ்வளவுதான்.

நீ எல்லா நலமும் பெற்று, நிம்மதியான தூக்கமும் நல்ல நண்பர்களும் வாய்த்து நீண்டகாலம் வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கூப்பிடு. உன்மேல் அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. போனை எடுத்தால் வியாபாரம் எப்படிப் போகுது மாமா என்றுதான் முதலில் கேட்பாயாம், உன்னிடம் பொய் சொல்ல அவனுக்கு வராதாம், அதனால்தான் எடுக்கவில்லையாம். இந்தத் தடவை அதையே முதலில் கேள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா
(போர்வையை இப்போது நன்றாகப் பிழிகிறேன் என்று எழுதச் சொல்கிறாள் அம்மா.)